இறங்கித் தள்ளும் பாதை



சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் இது பழக்கம். மேடு வரும். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்போம். ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் அலையும். கடைசியில் கால் தரையில் ஊன்றிவிடும். உடனே நாம் செய்வது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்ப்பதுதான்.

அந்தக் கூச்சம் தேவையே இல்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு உங்களை ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரியாவில் இஷ்கல் என்றொரு ஊர், 1377 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து தெற்கே ஃபிம்பர் பள்ளத்தாக்கில் ஏறிப்போனால் 2608 மீட்டரில் ஃபிம்பர் கணவாய். நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அங்கே ஜூன் மாதத்திலும் வழியில் பனி கிடக்கும். கணவாயைத் தாண்டி இறங்கினால் சுவிட்சர்லாந்தின் எங்கடின் பகுதி. ரோமான்ஷ் மொழி பேசும் சிறு ஊர்கள். ஆல்ப்ஸை வடக்கிலிருந்து தெற்கே சைக்கிளில் கடப்பவர்களுக்கு இந்தக் கணவாய் மிகவும் பேர்பெற்றது.

ஏற்றத்தின் பெரும்பகுதி நல்ல மண்சாலை. மூச்சு வாங்கும், ஆனால் மிதித்தே போகலாம். ஏறத்தாழ 900 மீட்டர் ஏறியபின் 2264 மீட்டரில் ஹைடல்பர்க் குடில் வரும். இந்தக் குடிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. நடத்துவது ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் ஹைடல்பர்க் கிளை. வந்து சேரும் வழி ஆஸ்திரியா. நிற்கும் மண்ணோ சுவிட்சர்லாந்து. எங்கடின் மக்கள் கணவாய்க்கு இந்தப் பக்கமும் மாடு மேய்த்தவர்கள். அந்த மேய்ச்சல் நிலம் இன்றும் சுவிஸ் எல்லைக்குள் இருக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு முன்னால் மாட்டின் குளம்பு போட்ட கோடு அது.

குடிலைத் தாண்டியதும் சாலை மறைந்து ஒற்றையடிப் பாதையாகிவிடும். இன்னும் 340 மீட்டர் ஏற வேண்டும். செங்குத்து, உடைகல், ஈரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். இங்கே அநேகமாக எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். முதலில் தள்ளுகிறார்கள். பாறைப் படிகள் வந்ததும் சைக்கிளைத் தூக்கி, அதன் சட்டத்தைப் பிடரிக்குப் பின்னால் இரண்டு தோளிலும் படியவைத்து, ஒரு கையால் முன்பக்கத்தையும் மறு கையால் பெடல் கட்டையையும் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு கிலோ எடை. விதையும் நெல்லும் சுமந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இந்த நடை புதிதாக இராது.

ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபிலிருந்து இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ள ரீவா வரை, இந்தக் கணவாய் வழியாக ஒரு சைக்கிள் பாதையை வகுத்துப் பிரபலமாக்கியவர் ஆண்டி ஹெக்மயர். அவருடைய தந்தை ஆண்டர்ல் ஹெக்மயர், 1938இல் ஐகர் சிகரத்தின் வடமுகத்தில் முதன்முதலாக ஏறி வென்ற நால்வரில் ஒருவர். அந்தக் குழுவை வழிநடத்தியவரும் அவரே. அப்படிப்பட்டவரின் மகன் வகுத்த பாதையில், தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஷ்ரோஃபன் கணவாய் வருகிறது. அங்கே பாறை விளிம்பில் சைக்கிளைச் சுமந்துதான் போக வேண்டும். தூக்க வேண்டிய அந்த இடத்தை அவர் தன் பாதையிலிருந்து விலக்கவில்லை. மலை எப்படி இருக்கிறதோ அப்படியே அதை ஏற்றுக்கொண்டார். நான் அவரிடம் மதிப்பது இதைத்தான்.

கணவாயின் உச்சியில் கொஞ்சம் நின்று மூச்சுவிட்டு, சீட்டை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு இறங்க வேண்டும். முழங்கையும் முழங்காலும் மடங்கி இருக்க வேண்டும். பார்வை சக்கரத்தின் மேல் இல்லாமல், அடுத்துப் போகவேண்டிய இடத்தின் மேல் இருக்க வேண்டும். கல்லையே பார்த்தால் வண்டி கல்லில்தான் போய் ஏறும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் தகடு சூடேறிப் பிடிமானம் குறையும். அழுத்தி, விட்டு, அழுத்தி வர வேண்டும். கோடையில் பிற்பகலில் இடிமழை திரளும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் விடிந்ததுமே கிளம்பிவிடுவார்கள். இவ்வளவு தெரிந்தவர்களும் இறக்கத்தில் சில இடங்களில் இறங்கி நடக்கிறார்கள். சிக்கலான ஒரு வளைவை ஓட்டலாமா வேண்டாமா என்று நொடியில் முடிவெடுத்துக் காலை ஊன்றுகிறார்களே, என் கணக்கில் அதுதான் தேர்ச்சி. அந்த இடத்தில் கால் ஊன்ற வெட்கப்பட்டவர்கள்தான் கையை முறித்துக்கொள்கிறார்கள்.

எங்கடினுக்கு இறங்கியவர்கள் பலரும் அடுத்து உயினா பள்ளத்தாக்கில் ஏறி இத்தாலிக்குள் போவார்கள். அங்கே மலையிடுக்கின் செங்குத்துப் பாறையையே குடைந்து ஒரு பாதை வெட்டியிருக்கிறார்கள். ஜெர்மானிய மலையேறிகளின் முயற்சியில் 1910இல் முடிந்த வேலை. ஒரு பக்கம் தலையில் இடிக்கும் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அந்த இடத்தில் சைக்கிளில் ஏறி உட்காரக் கூடாது, தள்ளித்தான் போக வேண்டும். உலகத்தின் கெட்டிக்கார சைக்கிள் வீரரும், நேற்று வண்டி வாங்கியவரும் அங்கே ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடந்து போகிறார்கள். எதிரே நடந்து வருபவருக்கு வழிவிட்டு, ஓரமாக நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் சுற்றும்முற்றும் பார்ப்பதில்லை.

என் சின்ன வயதில், அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டி, ஏரிக்கரை மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார் என் அப்பா. பின்னாலிருந்து மூட்டையைப் பிடித்துத் தள்ள வேண்டிய நான், பள்ளிக்கூடப் பையன்கள் பார்ப்பார்களே என்று பத்தடி தள்ளி நடந்து வருவேன். ஃபிம்பர் கணவாயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மேடுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பத்தடி இன்றும் என்னை உறுத்துகிறது.

நேயர்களே, இன்று நீங்கள் போகும் வழியில், பாலத்தின் ஏற்றத்திலோ கரை மேட்டிலோ, யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, அவர் ஏறி முடிக்கும்வரை வழிவிடுங்கள். பின்னால் ஒரு கை கொடுக்க முடிந்தால், கொடுங்கள்.