தாழ்ந்த கூரையும் நடுவழியும்

தாழ்ந்த கூரையுள்ள அறையில் புல்-அப் கம்பி பொருத்தும்போது இரண்டு பிழைகள் நேரலாம். கம்பி மேலே இருந்தால், உடலை ஏற்றும்போது உச்சந்தலை கூரையில் இடிக்கும். கீழே இருந்தால், தொங்கும்போது பாதம் தரையைத் தொட்டுவிடும். கைகள் சுமக்க வேண்டிய பாரத்தைத் தரை வாங்கிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே கம்பிக்கு ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது. மிகையும் ஆகாமல் குறையும் ஆகாமல் நிற்கும் இடம் எது, அதை எப்படிக் கண்டடைவது என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கிரேக்க அறவியல், பௌத்தம், யோகநூல்கள் ஆகிய மூன்றுமே அதை எடுத்துப் பேசியிருக்கின்றன. மூன்றும் உடலைப் பழக்கும் மனிதரை முன்னிறுத்தியே அதைப் பேசின.

அமெரிக்க வீடுகளில் உடற்பயிற்சிக்குப் பெரும்பாலும் நிலவறைதான் ஒதுக்கப்படுகிறது. அங்கே பரவலாக வழங்கும் கட்டட விதி, வசிக்கும் அறைக்கு 7 அடி உயரம், அதாவது சுமார் 213 செ.மீ. இருந்தால் போதும் என்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் அதுகூடக் கிடைப்பதில்லை. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் கால் நீட்டித் தொங்க வேண்டுமானால் கம்பி தரையிலிருந்து 215 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். தாடை கம்பியைத் தாண்டும்போது உச்சந்தலை அதற்கு மேல் 25 செ.மீ. வரை போகும், அசைவுக்குச் சற்று இடம் விட்டால் 30 செ.மீ. ஆக உடல் கேட்பது ஏறத்தாழ 245 செ.மீ.; அறை தருவது 213 செ.மீ. கீழே ரப்பர் விரிப்பு போட்டால் அதிலும் ஒன்றிரண்டு செ.மீ. குறையும். விரிப்பைப் போட்ட பிறகுதான் அளக்க வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் தவறாமல் சொல்லும் விஷயம்.

இந்தப் பற்றாக்குறையைத் தலைக்குப் பாதி, காலுக்குப் பாதி என்று பங்கிடுவது முதலில் தோன்றும் யோசனை. அப்படிப் பங்கிட்டால் தலையும் இடிக்கும், காலும் தட்டும். கணக்கில் சரியாக வரும் நடு, செயலில் சரியாக வராது. அரிஸ்டாட்டில் 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் பிரித்துக் காட்டுவது இதைத்தான். பொருளைப் பொறுத்த நடு வேறு, ஆளைப் பொறுத்த நடு வேறு என்கிறார் அவர். பத்து மினா எடையுள்ள உணவு அதிகம், இரண்டு குறைவு என்றால் கணக்குப்படி ஆறு நடுவாகும். ஆனால் பயிற்சி தரும் ஆசான் எல்லோருக்கும் ஆறு மினா என்று கட்டளையிட மாட்டார். மிலோனுக்கு அது போதாது. பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவருக்கு அது அதிகம். மிலோன் தென் இத்தாலியின் குரோட்டன் நகரத்து மல்லர், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஒலிம்பியாவில் ஆறு முறை வென்றவர். அறவியலின் மையக் கருத்தை விளக்க அரிஸ்டாட்டில் மல்லரின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. அவர் பாடம் நடத்திய லைசியமும், அவருடைய ஆசிரியர் பிளாட்டோவின் அகாடமியும் ஏதென்ஸின் உடற்பயிற்சிக் களங்களை ஒட்டி வளர்ந்தவை.

இந்தியப் பக்கம் வந்தால், இடத்தின் அளவே சாதனைக்குரிய விதியாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்கு அமரும் ஆசனம் மிக உயர்ந்ததாகவோ மிகத் தாழ்ந்ததாகவோ இருக்கலாகாது என்கிறது. சில சுலோகங்கள் தள்ளி, மிகுதியாக உண்பவருக்கும் அறவே உண்ணாதவருக்கும் யோகம் கூடாது என்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை இன்னும் நுட்பமாக, யோகி பழகும் குடிலையே அளந்து சொல்கிறது: சிறிய வாசல், துளையோ பள்ளமோ இல்லாத தரை, மிக உயரமும் இல்லாமல் மிகத் தாழ்வும் இல்லாமல் அமைந்த அறை, சாணத்தால் மெழுகிய சுத்தம். ஹடயோகம் பிரம்மாண்டமான கூடத்தைக் கேட்கவில்லை. கவனம் சிதறாத ஒரு சின்ன அறையைத்தான் கேட்டது. இடம் போதவில்லை என்று சொல்லிப் பயிற்சியைத் தள்ளிப்போடுபவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறில்லை.

நடு என்றவுடன் 'கொஞ்சம் விட்டுக்கொடுப்பது' என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதலைத் திருத்துவது சோணரின் கதை. சம்பா நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்து துறவியான சோண கோளிவீசர், நடந்து நடந்து தியானம் செய்து பாதங்கள் கிழிந்து இரத்தம் கசிய, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணத் தொடங்குகிறார். வீணை வாசித்துப் பழகியவர் அவர். புத்தர் அவரிடம் நரம்பு அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் வீணை இசைக்குமா, தளர்ந்திருந்தால் இசைக்குமா என்று கேட்கிறார். இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். முயற்சியைக் கைவிடச் சொல்லி புத்தர் அவரைத் தேற்றவில்லை. நரம்பைச் சுருதிக்குக் கொண்டுவருவதுபோல் முயற்சியைச் சமனாக்கச் சொன்னார். சுருதி சேர்ந்த நரம்பு அரைகுறையாக இழுக்கப்பட்ட நரம்பு அல்ல. அரிஸ்டாட்டிலும் இதையே வேறு வழியில் சொல்கிறார்: இரு பிழைகளுக்கு இடைப்பட்டது என்பதால் நற்பண்பு ஒரு நடு, சிறப்பை வைத்துப் பார்த்தால் அதுவே உச்சம்.

புல்-அப்பில் இந்த உச்சம் எது என்பது தெளிவானது. கை முழுதும் நீண்டு தோள் விரிந்த நிலையிலிருந்து, தாடை கம்பியைத் தாண்டும் நிலை வரை, கால் எங்கும் ஊன்றாமல் உடல் ஏற வேண்டும். கூரைக்குப் பயந்து பாதி வழியில் நிறுத்துவதும், பெருவிரலைத் தரையில் ஊன்றி எழும்புவதும் குறைகள். முழங்காலை மடக்கிக்கொள்வது குறை அல்ல. கம்பியை 183 செ.மீ. உயரத்தில் வைத்துத் தலைக்கு வேண்டிய 30 செ.மீ.யை முழுமையாகக் கொடுத்துவிட்டால், கணுக்காலைப் பின்னால் மடக்கித் தொங்குபவரின் முழங்கால் தரையைத் தொடாமல் விலகி நிற்கும். முதுகின் அகன்ற தசைகளும் முன்கையும் புயமும் இழுக்கும் பாரம் அப்படியே இருக்கிறது. உடலின் எடை மடங்குவதால் குறைவதில்லை. இடுப்பு பின்னோக்கி வளையாமல் வயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அறைக்கு ஏற்ப மடங்க வேண்டிய உறுப்பு எது, மடங்கவே கூடாத உறுப்பு எது என்று பிரித்தறிவதுதான் இங்கே நடுவைக் கண்டுபிடிப்பது.

உடலை மடக்குவதற்கு மாற்றாகத் தரையைத் தாழ்த்திய மரபுகளும் உண்டு. கேரளத்தில் களரிப்பயிற்று பழகும் குழிக்களரி மண்ணைத் தோண்டி அமைக்கப்படுவது. மரபான அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். கிழக்கு வாசல் வழியே இறங்குபவர் முதலில் தரையைத் தொட்டு வணங்குவார். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை இருக்கும். ஈரானின் மரபுப் பயிற்சிக்கூடமான ஸூர்கானேயிலும் பயிற்சி நடப்பது எண்கோணக் குழியில்தான். அதன் வாசல் தாழ்வாக அமைந்திருப்பதால் எவ்வளவு பெரிய மல்லரும் குனிந்தே நுழைகிறார். மேடையில் அமர்ந்த முர்ஷித் என்னும் வழிநடத்துநர் முரசு தட்டிப் பாட, இமாம் அலியின் பெயரைச் சொல்லிப் பயிற்சி நடக்கிறது. இந்த மரபை யுனெஸ்கோ 2010-இல் மானுடத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டிடத்திலும் தாழ்வு பணிவின் வடிவமாக்கப்பட்டிருக்கிறது. பலம் சேர்க்க வருபவர் முதலில் தலை தாழ்த்துகிறார். ஆனால் குடியிருக்கும் வீட்டின் நிலவறையைத் தோண்டுவது அஸ்திவாரத்தைத் தொடும் காரியம் என்பதால் இந்த வழி எளிதில் கிடைக்காது.

கிடைக்கக்கூடியது கூரைப் பக்கம். அமெரிக்க நிலவறைகளில் மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் ஓடுகின்றன. அடியில் பலகை மூடாமல் விட்டிருந்தால், இரு சட்டங்களுக்கு நடுவே 18 முதல் 23 செ.மீ. ஆழமுள்ள வெற்றிடம் இருக்கும். கம்பியைச் சட்டங்களுக்குக் குறுக்காக ஓடவிட்டு, தலை அந்த வெற்றிடத்துக்குள் ஏறும்படி நின்றால், கம்பியை அந்த அளவுக்கு உயர்த்தலாம். அதுவரை யாரும் கணக்கில் எடுக்காத ஒரு சாண் உயரம் பயிற்சிக்குச் சேர்கிறது.

ஆனால் நடுவைத் தேடும் வேலை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. திருட்டுக்கும் கொலைக்கும் பிறன்மனை நாடுவதற்கும் நடு என்று ஒன்று கிடையாது, அவை எந்த அளவிலும் தவறே என்று அரிஸ்டாட்டில் அதே பகுதியில் எல்லை போட்டுவிடுகிறார். கம்பியின் பிடிமானமும் அப்படிப்பட்டது. ஜிப்சம் பலகையிலும் பொய்க்கூரையிலும் திருகிய கம்பி தாங்காது. ஓரளவு தாங்கும் என்று சொல்லி அதை ஏற்க முடியாது. திருகாணி சட்டத்தின் நடுமரத்தில், முன்துளை போட்டு இறங்க வேண்டும். அடியிலிருந்து திருகி அதை நேராக இழுக்கவிடுவதைவிட, சட்டத்தின் பக்கவாட்டில் பொருத்திக் குறுக்காகச் சுமக்கவிடுவது உறுதியானது. உயரம் கிடைக்கிறதே என்று சட்டத்தின் அடிப்பக்கத்தை வெட்டிக் காடி எடுப்பது கூடவே கூடாது. இழுவிசை மிகுதியாக விழும் பகுதி அது. கான்கிரீட் கூரையில் ஆங்கர் போல்ட் அடிப்பதானால் உள்ளே ஓடும் கம்பிகளைத் துளைக்காமல் இடம் பார்க்க வேண்டும். நான்கரை அங்குலத் தடுப்புச்சுவர் இந்தப் பாரத்துக்கு உரியது அல்ல. ஏறி இறங்கும் உடல் தன் எடையைவிடக் கூடுதலான விசையில் கம்பியை இழுக்கும் என்பதால், நிற்கும் எடையை வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. முயற்சியின் அளவில் ஆளுக்கு ஆள் நடு மாறலாம். அடுத்தவர் உயிரும் தன் கழுத்தெலும்பும் தொங்கும் இடத்தில் மாறுவதற்கு எதுவும் இல்லை.

ஒரே கம்பியை வீட்டில் பலர் பயன்படுத்தும்போது ஆளைப் பொறுத்த நடு என்பது கண்ணெதிரே தெரிகிறது. 183 செ.மீ. உயரக் கம்பியில் தந்தை முழங்காலை மடக்க வேண்டும். 140 செ.மீ. உயரமுள்ள பிள்ளை ஒரு சிறு முக்காலியில் ஏறிப் பிடித்தால் கால் நீட்டியே தொங்கலாம். ஒருமுறைகூட ஏற முடியாத பெரியவர், பெஞ்சில் நின்று தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்குவதிலிருந்து தொடங்கலாம். தோள் பழகியபின் ரப்பர் பட்டையின் உதவியோடு ஏறிப் பார்க்கலாம். பிள்ளை இன்னும் சற்று வளர்ந்ததும் பாதம் தரையைத் தட்டத் தொடங்கும்; அப்போது அதுவும் காலை மடக்கப் பழக வேண்டும்.