கணக்குக் கேட்காத கொடை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் பேருந்து, காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கியபடி மேலேறுகிறது. கீழே கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகள் சிறுத்துச் சிறுத்துத் தீப்பெட்டிகளாகின்றன. மலையின் மேலே 14 நாடுகள். அவற்றுள் ஒன்று பைல் நாடு. 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நாம் அங்கே சென்று தங்கியிருந்தோம். நண்பரின் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருந்தவன். சமவெளியிலுள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் படிக்கிறான். தேர்வு முடிந்த பத்தே நாள்களில் அடுத்த வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டதாம். நான்கு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

வந்தவன் உறங்கினான். முதல் நாள் முழுவதும் உறங்கினான், மறுநாளும் உறங்கினான். நண்பருக்குப் பொறுக்கவில்லை. "தூங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? முடிவு வரப்போகிறது, கொஞ்சமாவது கவலை இருக்கிறதா, பாருங்கள்!" என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் மாலையில் பையன் எழுந்து திண்ணைக்கு வந்தபோது, நாம் தங்கியிருந்த வீட்டுக்காரரான மலைவாழ் பெரியவர் அவனைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டியா? பலா இறக்கணும், கூட வர்றியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பையன் செருப்பைத் தேடிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டான். நண்பர் வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வகுப்பு, எத்தனை மதிப்பெண் வரும், அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்காத ஒரு பெரிய மனிதரை அந்தப் பையன் சந்தித்துப் பல மாதங்கள் ஆகியிருக்க வேண்டும்.

அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. விடுமுறை என்பது யாருடையது? பிள்ளைக்கு உரியதா, அல்லது பெற்றோர் தம் விருப்பம்போல் செலவிட வேண்டிய முதலா?

1997 ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்குப் பெயர் பெற்றது போலவே உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. பிள்ளைகளை அடைத்துவைத்து, விடியுமுன் எழுப்பி, இரவு நெடுநேரம் படிக்க வைக்கும் பள்ளிகளுக்கு மக்களே கேலியாகச் சூட்டிய பெயர் 'பிராய்லர் பள்ளி' என்பது. கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை பலமுறை அறிவித்திருக்கிறது. அறிவிப்பு திரும்பத் திரும்ப வருவதே வகுப்புகள் நடக்கின்றன என்பதற்குச் சான்றாகும். ஆயினும் பழியைப் பள்ளிகளின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அந்த வாசல்களில் வரிசையில் நின்றவர்கள் பெற்றோராகிய நாம்தாமே!

நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மார்ச் 28 ஆம் நாள் நோன்போடு தமிழ்த் தேர்வு எழுதினார்கள். 31 ஆம் நாள் பெருநாள். ஏப்ரல் 2 ஆம் நாள் ஆங்கிலத் தேர்வு. பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் உறவினர் ஒவ்வொருவரும் சலாம் சொன்ன கையோடு கேட்டது எது? "பரீட்சை எப்படி எழுதினாய்? உன் மாமி மகன் எல்லாப் பாடத்திலும் நூறு வரும் என்கிறானே!" அன்பினால் கேட்டதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுக்கு இரு முறை வரும் பெருநாளில்கூட ஒரு பிள்ளை பேரனாகவும் மருமகனாகவும் இருக்க முடியாமல், தேர்வு எண்ணாகவே நிற்க நேர்ந்தது என்பதை நாம் உணர்ந்தோமா?

விடலைப் பருவத்துப் பிள்ளைக்கு விடுமுறையில் என்ன கவலை என்று பலர் எண்ணுகிறார்கள். பள்ளி நாளில் கவலைக்கு ஒரு வேலை உண்டு. படித்தால் சற்றே தணியும். தேர்வு முடிந்து முடிவு வராத நாள்களிலோ, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கவலை மட்டும் எஞ்சுகிறது. கூடி விளையாடிய தோழர்கள் பிரிந்துவிடுகிறார்கள். உறக்கம் புரண்டுவிடுகிறது. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் பிறருடைய வெற்றிகளே கண்ணில் படுகின்றன. எந்நேரமும் யாரோ ஒருவர் கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்ற உணர்வுதான் இந்த உளைச்சலின் வேர்.

பெண் பிள்ளைகளின் விடுமுறை இன்னும் குறுகியது. தம்பி தெருவில் பந்தாடும் நேரத்தில் அக்காள் அடுக்களையில் நிற்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளுக்கோ, முடிவு வருமுன்பே வரன் பேச்சு வந்துவிடுகிறது. மேற்படிப்பு உண்டா, இல்லையா என்பதை அடுத்த அறையிலிருந்து பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் அவள் அறிந்துகொள்கிறாள். அவளுடைய மௌனத்தை நாம் அடக்கம் என்று புகழ்கிறோம். அச்சம் என்று அறிந்துகொள்ள முயன்றோமா?

மலைப் பிள்ளைகளின் விடுமுறை முழுவதும் இன்பமே என்று எழுதினால் அது பொய்யாகும். உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்குக் காட்டு வேலை காத்திருக்கிறது. கூலிக்காகக் கீழே இறங்கும் குடும்பங்களும் உண்டு. வறுமையைக் கண்டு மகிழ்வது நம் நோக்கமன்று. வேண்டப்படும் கையாக ஒரு பிள்ளை நிற்பதற்கும், எடைபோடப்படும் பொருளாக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டையே அந்தப் பலா மரத்தடியில் நாம் கண்டோம்.

இது புதிய கருத்துமன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடவேண்டும் என்கிறார்கள். ஓயாமல் படிப்பையே சுமத்தினால் அவன் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும், வாழ்க்கையே கசந்து அதிலிருந்து தப்பும் வழியைத் தேடுவான் என்று எச்சரிக்கிறார்கள். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னது இது. தப்பும் வழியைத் தேடிய பிள்ளைகளைப் பற்றிய துயரச் செய்திகள், தேர்வு முடிவுகளையொட்டி நம் நாட்டு நாளேடுகளில் இன்றும் வருகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பே. "எங்களுக்கு நிலமில்லை, நீச்சில்லை. தகப்பன் வளைகுடாவில் வெயிலில் நிற்கிறான். பிள்ளையின் மதிப்பெண் ஒன்றுதான் எங்கள் ஏணி. 2007 ஆம் ஆண்டில் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் போட்டி உண்டே! ஓய்வு என்பது வசதி படைத்தவன் பேச்சு" என்பார்கள். போட்டி உண்மைதான். உழைப்பு வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. பைல் நாட்டில் அந்தப் பெரியவர் ஒன்று சொன்னார்: "மரவள்ளியே போட்டுப் போட்டு மண்ணு களைச்சுப் போச்சு. இந்த வருசம் சாமை விதைக்கணும்." ஒரே பயிரை ஓயாமல் கேட்டால் மண் தளர்ந்துவிடும் என்பதை ஏழை உழவர்தாம் நன்கு அறிந்திருக்கிறார். நிலத்தை ஆறப்போடுவது அவருக்குச் சோம்பலன்று; அடுத்த விளைச்சலுக்கான முதல் வேலை.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தகுதி ஆராயாமல், கைம்மாறு கருதாமல் வழங்குவதைக் கொடைமடம் என்று நம் முன்னோர் போற்றினர். பிள்ளைக்கு நாம் தரும் விடுமுறையும் அத்தகைய கொடையாக இருக்க வேண்டும் என்பதே நம் முடிவு. கணக்குக் கேட்டால் அது கடனாகிவிடும். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நாவால் சொல்லுகிறோம். அமானிதத்தைச் சந்தையில் வைத்து விலை கேட்கும் உரிமை நமக்கு ஏது?

செய்ய வேண்டியவை எளியவையே. விடுமுறையின் முதல் வாரத்தில் பிள்ளை உறங்கட்டும். பிறகு உறங்கும் நேரத்தை மெல்ல ஒழுங்குக்குக் கொண்டுவருவோம். பெருநாளிலும் விருந்திலும் மதிப்பெண் பேச்சு எழக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். கடைக் கணக்கோ, நன்னிமாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதோ, மெய்யாகவே தேவைப்படும் ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைப்போம். மகளின் படிப்பைப் பற்றி மகளிடமே பேசுவோம். முடிவு வருமுன்பே, "எது வந்தாலும் வழியுண்டு, தவறினால் துணைத்தேர்வு உண்டு, எப்படியானாலும் நீ எங்கள் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017 ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பட்டியல் இன்னும் தொங்க வேண்டுமா?

பிள்ளை பல நாள் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னாலோ, அதை நடிப்பென்று தள்ளிவிடக் கூடாது. கண்டிப்பதையும் அறிவுரையையும் நிறுத்திவிட்டு அருகில் அமர வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அரசின் 104 என்ற எண்ணிலும், 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடும் நாம், மனம் நோகும்போது மட்டும் ஊருக்கு அஞ்சுவது ஏன்?

நான்காம் நாள் மலையிறங்கினோம். பேருந்தில் பையன் ஜன்னலோரம் அமர்ந்து, பலாப்பால் ஒட்டிய விரல்களைத் தேய்த்துக்கொண்டே தன் அத்தாவிடம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். நண்பர் குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சில நாள்களில் தேர்வு முடிவும் வந்தது. எத்தனை மதிப்பெண் என்று நாம் விசாரிக்கவில்லை. ஆகவே அதை இங்கே எழுதவும் இயலவில்லை.