அறிந்தவன் கடன்

உலகில் எல்லாம் அறிந்தவர் எவரும் இலர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். ஆதலின் நோயாளி மருத்துவரை நாடுகிறார். வழக்குடையார் வழக்கறிஞரை நாடுகிறார். பெற்றோர் ஆசிரியரை நாடுகின்றனர். நாடிச் செல்பவர் தம் குறையை மட்டும் கொண்டு செல்வதில்லை. தம் அறியாமையையும் உடன் கொண்டு சென்று மற்றவர் கையில் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்பட்ட அந்த அறியாமையை அறிந்தவன் எவ்வாறு நடத்துகிறான் என்பது அறநெறியின் பழைய வினாக்களுள் ஒன்று. மருத்துவம், சட்டம் முதலிய பெருந்தொழில்களுக்கு உறுதிமொழிகளும் விதிகளும் உண்டு. அத்தகைய காவல் ஏதுமில்லாத எளிய தொழில் ஒன்றில் வைத்துப் பார்த்தால் இவ்வினாவின் உண்மை வடிவம் புலப்படும். பழைய கார் ஒன்றின் கதவில் சிக்கி நின்றுவிட்ட கண்ணாடியைச் சரிசெய்யும் தொழிலை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

காரின் கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றி ஏற்றி இறக்கிய காலம் ஒன்று இருந்தது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனத்தின் உயர்விலைக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சன்னல்கள் வந்தன. 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார், மின்மோட்டாரால் இயங்கும் சன்னல்களைக் கொண்டு வந்தது. செல்வர்க்கு மட்டுமே வாய்த்த அந்த வசதி காலப்போக்கில் எளியோர் வாங்கும் கார்களிலும் இடம்பெற்றது. ஆயின் வசதி தனித்து வரவில்லை. கைப்பிடியைச் சுற்றியவர், கண்ணாடி எங்கே இறுகுகிறது என்பதைத் தம் கையாலேயே உணர்ந்தார். பொத்தானை அழுத்துபவர்க்கு அவ்வுணர்வு இல்லை. கண்ணாடி ஏறுகிறது அல்லது ஏறவில்லை என்பது மட்டுமே அவர்க்குத் தெரியும். கையின் உழைப்பு குறைந்தபொழுது கையின் அறிவும் குறைந்தது. அக்குறையை நிரப்பும் பொறுப்பு பட்டறைக்காரரிடம் சென்று சேர்ந்தது.

கண்ணாடி ஏறாமல் நிற்பது சிறு செய்தி எனச் சிலர் கருதலாம். மலேசியாவின் பிற்பகல் மழையை அறிந்தவர் அவ்வாறு கருதார். பதினைந்து ஆண்டு பழைய காரை ஓட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கண்ணாடி பாதியில் நின்றால் இருக்கை நனையும். காரை வெளியில் நிறுத்திவிட்டு நிம்மதியாக வேலை செய்ய இயலாது. அவ்வார இறுதிக்குள் சரிசெய்தே ஆகவேண்டும். புதிய கார் வாங்க வழியில்லாதவரே பழைய காரை வைத்திருக்கிறார். அவர் கையில் இருப்பது எண்ணி வைத்த பணம். அவசரம், வறுமை, அறியாமை ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்த நிலையில்தான் அவர் பட்டறை வாயிலில் வந்து நிற்கிறார்.

இனி, பழுது எங்கெங்கு இருத்தல் கூடும் என நோக்குவோம். எல்லாக் கண்ணாடிகளும் ஒருசேர நின்றிருந்தால் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். ஓட்டுநர் பொத்தானுக்கு இயங்கும் கண்ணாடி, தன் கதவின் பொத்தானுக்கு மட்டும் இயங்கவில்லையெனில் ஓட்டுநர் பக்கத்துப் பூட்டுப் பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருக்கலாம். அல்லது கதவுப் பொத்தானின் உட்புறத் தகடுகள் கருகிப் படிந்திருக்கலாம். கதவைத் திறந்து மூடும்தோறும் வளையும் இரப்பர்க் குழாயினுள் கம்பி ஒன்று அறுந்திருக்கலாம். பொத்தானை அழுத்தும்பொழுது உள்விளக்கு சற்றே மங்கினால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடைகிறது, மோட்டாரோ சுழல மாட்டாமல் திணறுகிறது என்று பொருள். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையவில்லையெனில், ‘ரெகுலேட்டர்’ எனப்படும் தூக்கும் அமைப்பின் கம்பிவடமோ நெகிழிப் பிடியோ உடைந்திருக்கும். கண்ணாடி மெல்ல ஊர்ந்து ஏறினால், வெயிலில் காய்ந்து இறுகிய இரப்பர் விளிம்பே பெரும்பாலும் காரணம். அதனைத் துடைத்துச் சிலிக்கோன் தெளிப்பு இட்டால் போதும்.

இவற்றுள் பல, சில நிமிட வேலையில் தீர்பவை. மோட்டார் கெட்டதா என ஐயுற்றாலும் அதன் இணைப்பைக் கழற்றி, மின்கலத்திலிருந்து 12 வோல்ட்டு மின்சாரத்தை நேரே கொடுத்துப் பார்க்கலாம்; கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுழலும். சுழன்றால் மோட்டார் குற்றமற்றது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தைக் கண்டு, தணிக்கும் வழியை அறிந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என அறிவுறுத்துகிறது. அம்முறை உடலுக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கு விளங்கும்.

ஆயின் வேறொரு வழியும் உண்டு. ஆராயாமலேயே, “மோட்டார் போய்விட்டது” என்று கூறி மோட்டாரையும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றிவிடலாம். கண்ணாடி இயங்கும், உரிமையாளர் நன்றி கூறிப் பணம் கொடுத்துச் செல்வார், முறையீடு எழாது. அவ்வாறாயின் இதில் தீமை எங்கே உள்ளது? வேலை நடந்தது, பயன் கிடைத்தது, மனமும் நிறைந்தது. விளைவை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர் இவ்விடத்தில் மயங்குவர்.

தீமை விளைவில் இல்லை. அவ்விளைவுக்கு உரிமையாளர் அளித்த இசைவில் உள்ளது. உண்மையை அறிந்திருந்தால் அவர் இசைந்திருப்பாரா? கருகிய பொத்தானைத் துடைத்தால் போதும் என்று தெரிந்தவர் மோட்டாருக்குப் பணம் கொடுக்கமாட்டார். எனவே அவரிடமிருந்து பெறப்பட்டது வேலைக்கான கூலி மட்டுமன்று. அவருடைய அறியாமைக்கு விதிக்கப்பட்ட வரியும் அதில் அடங்கியுள்ளது. இழப்பை உணராதவனிடம் எடுப்பதும் எடுப்பதே. உணராதவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவன் ஆதலின், அத்தீமை ஒரு படி மிகுதியே தவிரக் குறைவன்று.

இதே அறம் மற்றோர் இடத்திலும் சோதிக்கப்படுகிறது. கதவின் உட்பலகையைக் கழற்றினால் மெல்லிய நெகிழித் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி வழியே கதவினுள் இறங்கும் மழைநீர் காரின் உட்புறத்தே கசியாமல் தடுப்பது அதுவே. பழுதுபார்க்கையில் அதனை உரித்தே ஆகவேண்டும். மீண்டும் ஒழுங்காக ஒட்டுவதற்குப் பொறுமை தேவை. ஒட்டாமல் கிழித்தெறிந்து பலகையை மாட்டிவிட்டாலும் அன்றைக்கு எவர்க்கும் தெரியாது. சில மாதம் கழித்துத் தரைவிரிப்பு நனைந்து நாறும்பொழுது, உரிமையாளர் காரின் வயதைக் குறைகூறுவாரேயன்றிப் பட்டறையைக் குறைகூறார். அத்தாளை மீண்டும் ஒட்டுபவரை எவரும் பாராட்டப்போவதில்லை. ஒட்டாதவரை எவரும் கண்டிக்கப்போவதுமில்லை. புகழும் பழியும் எட்டாத அவ்விடத்தில் எஞ்சி நிற்பது அறம் ஒன்றே.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். “பட்டறைக்காரரும் பிழைக்க வேண்டும் அன்றோ? பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். பொத்தானைத் துடைத்ததற்கு யார் பணம் தருவார்?” என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனைத் தள்ளிவிட இயலாது. புதிய மோட்டாரைக் கண்ணால் கண்டால் பணத்தைத் தயங்காது எண்ணிக் கொடுப்பவர், பழுதைக் கண்டறிந்த அறிவுக்குச் சிறு தொகை கேட்டால் முகம் சுளிக்கிறார். அறிவுக்குக் கூலி தர மறுப்பவர் பொருளுக்கு மிகை விலை தந்தே தீரவேண்டும். எனவே அறிந்தவனுக்குக் கடன் இருப்பதுபோல் அறியாதவனுக்கும் ஒரு கடன் உண்டு: பெற்ற அறிவை மதித்து அதற்கு உரியதைத் தருதல். ஆயினும் இக்கடன் நிறைவேறாமை மற்றக் கடனை அழித்துவிடாது. தேடிய நேரத்திற்குக் கூலியை வெளிப்படையாகக் கேட்பது நேர்மை. கேட்கக் கூசித் தேவையற்ற மோட்டாரின் விலைக்குள் அதனை ஒளித்துவைப்பது வஞ்சனை.

பழுதுபார்ப்பதே எப்பொழுதும் அறம் என்றும் இதனால் கொள்ளலாகாது. நைந்துபோன கம்பிவடத்தை முடிச்சிட்டுக் கட்டிக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. அது நடுவழியில் அறுந்து கண்ணாடியைக் கீழே விழச்செய்யும். அவ்விடத்தில் மாற்றச் சொல்வதே உண்மை. கையில் பணமில்லாதவர்க்கு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் நல்லதொரு ரெகுலேட்டரைத் தேடச் சொல்லலாம். அதுவும் இயலாதெனில், கண்ணாடியை மேலே ஏற்றி அசையாமல் நிறுத்தி, “இது நிலையான தீர்வன்று, சம்பளம் வந்ததும் வாருங்கள்” என்று கூறி அனுப்பலாம். தற்காலிகத்தைத் தற்காலிகம் என்றே சொல்லும்பொழுது அதுவும் நேர்மையான தொழிலாகிறது.

ஆசிரியர் தொழிலுக்கு இவ்வுண்மை மிக நெருங்கிய உறவுடையது. வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவனைக் கண்டு, “இவன் மந்தம்” என்று முடிவு கூறுவது எளிது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதை அது. அவனுக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் உண்டு வந்தானா, வீட்டில் அமைதி உண்டா என்று ஒவ்வொன்றாக ஆராய்வதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். ஆசிரியர் கூறும் முடிவைப் பெற்றோர் அப்படியே நம்பிவிடுவர். அதனை எதிர்த்து வினவும் அறிவு அவர்களுள் பலர்க்கு இல்லை. மோட்டாருக்குக் கொடுத்த பணத்தை மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம். தவறான முடிவால் ஒரு பிள்ளை இழந்த ஆண்டுகளை எவரும் திருப்பித் தர இயலாது.

கற்றவர் பெற்ற கல்வி, கல்லாதாரை வெல்வதற்காகத் தரப்பட்ட படைக்கலம் அன்று. அது அவர்கள் சார்பில் காப்பதற்கென ஒப்படைக்கப்பட்ட பொருள். கணக்குக் கேட்க மாட்டாதவர்க்கும் சரியான கணக்கை ஒப்புவிப்பதே அறிந்தவன் கடன்.