காத்திருப்பு யாருடையது?

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங், தனித்தனி அழைப்புகள் எப்போது வரும் என்று அறிய முடியாவிட்டாலும் அவற்றின் வருகைக்கு நிகழ்தகவு சார்ந்த ஓர் ஒழுங்கு உண்டு என்று 1909-இல் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு, வருகையின் வேகம், ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரம், கவனிப்போரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு காத்திருப்பைக் கணிப்பது. இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளின் வரத்தை ஒழுங்குபடுத்தவும் அது பயன்படுகிறது. தொலைபேசி அழைப்புக்கு வலி கிடையாது. ஆனால் கணிதத்தில் அழைப்பும் நோயாளியும் 'வருகை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், ஒருவரது காத்திருப்பை இன்னொருவருடையதோடு கூட்டிக் கழிக்கலாமா என்ற அறவியல் கேள்வி, எழுப்பப்படாமலேயே தீர்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

லெனார்ட் கிளைன்ராக் 1965-இல் வெளியிட்ட விதி ஒன்று அக்கேள்வியை மீண்டும் எழுப்புகிறது. வேலை இருக்கையில் கவனிப்பவர் சும்மா இராதவரை, முன்னுரிமைகளை எப்படி மாற்றி அமைத்தாலும், ஒவ்வொரு பிரிவினரின் காத்திருப்பையும் அப்பிரிவு தரும் வேலைப்பளுவால் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகை மாறாது என்பது அவ்விதியின் சாரம். ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்தவருக்கு இதன் வடிவம் புதிதன்று: வரிசையை மாற்றுவதால் காத்திருப்பு அழிவதில்லை, தோள் மாறுகிறது. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே, பதவியைப் பாராது காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று வகுத்த நெறியும், அதன் வழிவந்த இன்றைய தரம்பிரிப்பு முறைகளும் மாரடைப்பு நோயாளியின் காத்திருப்பிலிருந்து கழிக்கும் நிமிடங்களை, கணுக்கால் சுளுக்கியவர் தம் காத்திருப்பால் ஈடுசெய்கிறார். அது நியாயமே, ஆனால் அவர் அதற்கு இசைந்தாரா என்று எவரும் கேட்பதில்லை.

வேலைப்பளுவைக் கணக்கில் கொள்ளாத எளிய சராசரியை மட்டும் குறைக்க வேண்டுமானால் வழி இன்னும் சுலபம்: விரைவில் முடிபவர்களை முதலில் அழைத்தால் போதும். சிக்கலான நோயோடு வந்த முதியவர் பின்தள்ளப்பட, ஏட்டில் எண் அழகாகக் குறையும். பலருடைய சிறு தலைவலிகள் கூடி எவர் தலையிலும் ஒரு பெருவலியாக ஆவதில்லை என்ற கோணத்தில் 1977-இல் வாதிட்ட அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டாரெக், ஒருவரையா ஐவரையா காப்பது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம் என்ற எல்லைவரை சென்றார். அம்முடிவை ஏற்பது கடினம். எனினும், சராசரிக் காத்திருப்பை அனுபவிக்கும் 'சராசரி நோயாளி' என்று எவரும் இல்லை என்பதை அவர் வாதம் மறக்கவிடுவதில்லை. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியை அனுப்பிவிட வேண்டும் என்ற இலக்கு வந்தபின், அக்கெடு முடியும் கடைசி நிமிடங்களில் வெளியேறுவோர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. கடிகாரத்துக்குத் தெரிந்த நோயாளி வேறு, கட்டிலில் கிடந்தவர் வேறு.

இவற்றைவிட ஆழமான சிக்கல் வெற்றுப் படுக்கையில் இருக்கிறது. ஒரே மருத்துவர் இருக்கும் மிக எளிய மாதிரியில், அவரது நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரத்தைப்போல் சராசரியாக 4 மடங்கு காத்திருக்க நேரும், 90 விழுக்காட்டில் 9 மடங்கு, 95-இல் 19. வருகையும் கவனிக்க ஆகும் நேரமும் சீராக அமையாமையே இதற்குக் காரணம். ஆகவே தணிக்கையாளர் கண்ணில் வீண்செலவாகப் படும் ஓய்ந்த கரமும் விரிக்கப்பட்ட வெறுங்கட்டிலும், இன்னும் நோயுறாத, பெயரற்ற ஒருவருக்காக ஒதுக்கப்பட்டவை. இல்லாத ஒருவருக்குக் கடமை உண்டா என்று மெய்யியலார் பிறவாத தலைமுறையை வைத்து நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். இங்கே அந்த ஒருவர் அடுத்த அரைமணியில் வாசலுக்கு வந்துவிடக்கூடும், அவருக்காக வைத்த கட்டிலை நடைக்கூடத்தில் கிடப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார்.