கழுவும் நீரும் தாங்கும் நீரும்

சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணியை நம்பியிருக்கும் கோவில்பட்டியில் தண்ணீரைக் குடக்கணக்கில்தான் எண்ணுவார்கள். இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து, கழுத்து நிற்காத, நடை வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய், கடலிலும் நாழிக்கிணற்றிலும் நீராட்டுகிற பெற்றோர் உண்டு. அவர்களுடைய நம்பிக்கை ஏளனத்துக்குரியதல்ல. ஆனாலும் தீர்த்தம் என்றால் கழுவுவது என்று கொண்டால், ஒன்றைக் கேட்டாக வேண்டும்: அந்தப் பிள்ளையிடம் கழுவுவதற்கு என்ன கறை இருக்கிறது?

முன்வினை என்று பதில் வரும். வினைக் கோட்பாடு அவரவர் செயலுக்கு அவரவரைப் பொறுப்பாக்குவது. அடுத்தவர் மடியில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வரும் 618ஆம் குறள், பொறியின்மையை எவருக்கும் பழியாகக் கொள்ளவில்லை. அங்கே பொறி என்பதை விதி என்று கொண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு என்று கொள்வோரும் உண்டு. எப்படிப் படித்தாலும் பழி முயலாமையைத்தான் சேர்கிறது. கைக்குழந்தை தானாக முயல முடியாது. ஆகவே முயல வேண்டியவர்கள் சுற்றியிருக்கும் நாம்தான்.

அப்படிப்பட்ட முயற்சிகளில் ஒன்று நீர்வழிப் பயிற்சி. 1949இல் லண்டனில், உடல் ஊனமுற்ற சிறுமியர் படித்த ஹாலிவிக் பள்ளியில், ஜேம்ஸ் மெக்மில்லன் ஒரு முறையை உருவாக்கத் தொடங்கினார். அதில் மிதவைகள் கிடையாது. பிள்ளைக்கு ஒருவர் உடன் நின்று கையால் தாங்குவார். பிள்ளைக்குச் சமநிலை கைவரக் கைவர, அந்தப் பிடியைத் தளர்த்துவார். மார்பளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். வெதுவெதுப்பான நீரில் மூளை முடக்குவாதத்தால் இறுகிய தசைகள் சற்று இளகும். தரையில் விழப் பயந்த பிள்ளை இங்கே விழாமல் சாயலாம். இந்த நீர் எதையும் போக்குவதில்லை, பிள்ளையை இருக்கிறபடியே ஏற்றுத் தாங்குகிறது. நீரின் புனிதம் இந்தத் தாங்குதலில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இந்தப் பயிற்சி பயன் தரும் என்பதற்குச் சான்று போதுமா என்று கேட்கலாம். ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில் நடந்தவை. நீரில் வந்த அசைவு தரையிலும் அப்படியே நிலைக்கும் என்று உறுதி கூற முடியாது. அதனால் இது தரைப் பயிற்சிக்குத் துணையே தவிர மாற்றல்ல. வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். குணமாகிவிடும் என்று வாக்குத் தராமல் கைகொடுப்பதுதான் இதன் நேர்மை.

குடிக்கவே தட்டுப்பாடான ஊரில் இந்தப் பயிற்சிக்கென்று தொட்டி கட்டலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள தொட்டிக்கு 12,000 லிட்டர் போதும். வடிகட்டி, குளோரின் சேர்த்து அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆவியாகியும் வடிகட்டியைக் கழுவும்போதும் குறைவதை அவ்வப்போது ஈடுகட்டினால் போதும். குடக்கணக்கு பார்க்கும் இதே ஊர், செண்பகவல்லியம்மன் தெப்பம் மிதக்கும் தண்ணீரை வீண் என்று சொல்வதில்லை. அம்மனைச் சுமக்கும் நீர் வீணில்லை என்றால், பிள்ளையைச் சுமக்கும் நீரும் வீணில்லை.