கட்டிலோரக் குறிப்புகள்

பிரசவ வார்டில் அதிகம் காதில் விழுவது ‘பால் பத்தலை’. குழந்தை பிறந்த மறுநாளே தொடங்கிவிடும். பெரும்பாலும் தாய்க்கு முன்பே பார்க்க வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். சீம்பாலும் அந்த அளவுக்கே சுரக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. அதன் பிறகு இரண்டு மூன்று நாளில்தான் பால் பெருகும். இடைப்பட்ட அந்த நாள்களில்தான் பயம் வருகிறது. பால் டப்பா வருவதும் அப்போதுதான்.

•

தாய்ப்பால் ஆலோசகருக்கான சர்வதேசத் தேர்வு 1985இல் தொடங்கியது. என்னைப் போன்ற செவிலியர் அதை எழுத 95 மணி நேரம் பாடம் படிக்க வேண்டும். தாய்மாரோடும் சிசுக்களோடும் 1000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பாடத்தை இரவில் படித்துவிடலாம். அந்த ஆயிரம் மணி நேரம் எதற்கு என்பது கட்டிலோரத்தில் உட்கார்ந்தால்தான் விளங்குகிறது. பிள்ளை சப்பும்போது முதலில் தாடை படபடவென்று அசையும். பால் இறங்கியதும் அசைவு நிதானப்படும். தாடை ஆழமாக இறங்கி ஒரு கணம் நிற்கும். பிறகு மெல்லிய விழுங்கல் ஒலி. மின்விசிறிச் சத்தத்துக்கும் ஆள்களின் பேச்சுக்கும் நடுவே அதைப் பிரித்துக் கேட்கக் காது பழக வேண்டும். பழகியதும் அதைத் தாய்க்குச் சொல்லித்தர வேண்டும். மார்பில் மில்லிக் கோடுகள் இல்லை. அந்த ஒலிதான் அவளுக்கு முதல் சாட்சி.

•

கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது இந்த வேலையின் பெரிய ஒழுக்கம் என்று நினைக்கிறேன். பின்தலையைப் பிடித்து மார்போடு அழுத்தினால் பிள்ளை முதுகை வளைத்துத் திமிறும். தாய் சற்றுச் சாய்ந்து படுத்து, துணி இல்லாத நெஞ்சின்மேல் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டால் அது தானாகவே முட்டி முட்டித் தேடும். வாய் அகலத் திறந்து, காம்பை மட்டுமின்றிச் சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் கவ்வி, மோவாய் மார்பில் அழுந்தியிருந்தால் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்கச் சொல்லக் கூடாது. சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி கொடுக்கலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். தையல்மேல் பிள்ளையின் கால் பட்டால் தாய் துடித்துப்போவாள். அவளுக்குப் பக்கவாட்டில் படுத்துக் கொடுக்கவோ, பிள்ளையை அக்குளுக்கடியில் இடுக்கிக் கொடுக்கவோ காட்டித்தருகிறேன். அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தர வேண்டும். தருவதற்கு ஆள் வேண்டும்.

•

“நாங்கள்லாம் சேனை வச்சுத்தான் வளந்தோம் சிஸ்டர். ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி, அதுல என்ன வந்துடப் போவுது?”

கேட்ட பாட்டியின் கையில் சங்கு இருந்தது. பேரப்பிள்ளை பசியில் கிடக்கிறதோ என்ற தவிப்பு முகத்தில். பாட்டிமாரை வார்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தாய்க்கு மட்டும் பாடம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடு இரவில் பிள்ளை அழும்போது நான் இருக்க மாட்டேன், அவர் இருப்பார். சர்க்கரைத் தண்ணீரில் வயிறு நிறைந்தால் பிள்ளை மார்பில் சப்பாது, சப்பாவிட்டால் சுரப்பு குறையும் என்று சொன்னேன். பிறகு ஒரு பொறுப்பும் கொடுத்தேன். “பாட்டி, ஒன்னுக்குப் போற துணியை நீங்கதான் எண்ணணும். அஞ்சாம் நாள்லேருந்து ஒரு நாளைக்கு ஆறாவது நனையணும்.” சங்கைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

•

உண்மையாகவே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார் உண்டு. பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், மார்பில் அறுவைசிகிச்சை நடந்தவர்கள், சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராதவர்கள். அவர்களிடம் ‘மனசு வச்சா வரும்’ என்று சொல்வது கொடுமை. பிள்ளையின் எடை அளவுக்கு மீறி இறங்கினால் பால் கொடுத்தே ஆக வேண்டும். பீய்ச்சிய தாய்ப்பால் இருந்தால் அது, தாய்ப்பால் வங்கியின் பால் கிடைத்தால் அது, இரண்டும் இல்லாவிட்டால் பவுடர் பால், பாலாடையில். 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத்தான் தடுக்கிறது. தேவைப்பட்ட தாய் அதைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

•

பிள்ளை இறந்து பிறந்தாலும் மூன்றாம் நாள் பால் வரும். இதைத் தாயிடம் முன்கூட்டிச் சொல்லப் பலருக்கும் வாய் வருவதில்லை. சொல்லாவிட்டால் நெஞ்சு கட்டி, சட்டை நனைந்து, தனியாக அவள் அதைக் கண்டுகொள்வாள். பால் வற்ற நம் ஊர்களில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் வெளியிட்டார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை மாத்திரையே அதிகம் இறக்கியது. ஆனால் மார்புக் கட்டும் பால் சுரப்பும் வலி மாத்திரைத் தேவையும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நிறுத்த வேண்டாம், பால் வங்கிக்குக் கொடுக்கிறேன் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் அவளிடம் கேட்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் அவளுக்காக முடிவெடுத்துவிடுகிறார்கள்.

•

சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பால் பெருகி மார்பு கல்லாகிற அதே நாள். ஐந்தாம் நாள் ஒருவர் வீடு தேடிப் போய்ப் பிள்ளையின் எடையைப் பார்த்து, ஒரு தடவை குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் எத்தனையோ டப்பாக்கள் திறக்கப்படாமலே இருக்கும். கிராம சுகாதார செவிலியரின் தலையில் ஏற்கெனவே நிறைய வேலை. இதற்கென்றே ஆள்கள் வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஓர் இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ராத்திரி நான் என்ன பண்ணட்டும் சிஸ்டர்?”

ஏப்பம் விடவையுங்கள், துணி மாற்றுங்கள், மனைவி பால் கொடுக்கும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுங்கள், சாப்பாடு ஆறுவதற்குள் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போனில் குறித்துக்கொண்டார்.