இன்மையைக் காக்கும் உறை

இல்லாமை என்பது உலகத்துப் பொருள்களுள் ஒன்றா, வெறும் சொல்லா? இந்தியத் தருக்க நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்ட வினா இது. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் கண்டது தரையை மட்டுமா, அதனோடு குடத்தின் இன்மையையுமா என்று கேட்டே அந்நூல்கள் வாதத்தைத் தொடங்கும். குடத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இன்று கிடைக்கிறது. சர்க்கிட் போர்டில் செம்புத் தடம் அறுந்துபோனால் அதற்கு மாற்றாக இரு முனைகளுக்கும் நடுவே பற்றவைக்கும் மெல்லிய வயர்தான் அது. உள்ளே ஓடும் செம்பு ஓர் இணைப்பைத் தருகிறது. மேலே போர்த்திய உறை வேறு பல இணைப்புகள் நேராமல் காக்கிறது. செம்பைத் தேர்வதில் சிக்கல் அதிகமில்லை. உறையைத் தேர்வதில்தான் அறிவு வேண்டியிருக்கிறது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இந்தத் தேர்வு கடினமான சோதனைக்கு உள்ளாகிறது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைப் பயணத்தில் கண்டு சொன்ன இந்த மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டார்கள். கிள்ளிய கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தி, சலித்துப் பிரிக்கும் வேலை முழுவதும் தோட்டத் தொழிற்சாலைக்குள்ளேயே நடக்கும். மின்விசிறியும் மோட்டாரும் சூட்டுமானியும் சேர்ந்த இத்தகைய எந்திரங்களில் கட்டுப்பாட்டு போர்டுகள் இருக்கும். தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் மழையும் அங்கே அன்றாடம். உலர்த்திக்குள் புகும் காற்றோ 100 பாகை செல்சியஸை ஒட்டிய சூடு. உருட்டும் எந்திரமும் சல்லடையும் ஓயாமல் அதிரும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலைத் தூசு. உலர்ந்த தேயிலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், போர்டின்மேல் படியும் தூசு பனிநேரத்தில் மின்சாரம் கசியும் வழியாக மாறிவிடும். தாப்பாவுக்கு இறங்கவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. பழைய எந்திரத்துக்கு உரிய போர்டு சந்தையில் இல்லாமற்போய்விட்டால், உள்ளதைப் பழுது பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இனி இன்மையைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். இந்தியத் தருக்க மரபுகளுள் ஒன்றான வைசேடிகரின் தொடக்க நூல்கள் பொருள், குணம், தொழில், சாதி, விசேடம், சமவாயம் எனப் பதார்த்தங்களை, அதாவது உள்ளனவற்றின் வகைகளை, ஆறாக எண்ணின. பின்வந்தோர் ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை, சேர்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் இந்த ஏழையும் ஏற்றே தொடங்குகிறது. அந்நூலையும் அதற்கு அவரே எழுதிய உரையையும் தமிழாக்கியவர், 1785இல் மறைந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். தமிழில் இன்மையைப் பற்றிய ஆராய்ச்சி அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும் காதையில், அளவைவாதி எடுத்துரைக்கும், அறிவு பெறும் வழிகளான பத்து அளவைகளுள் அபாவமும் இடம்பெறுகிறது.

தமிழ்த் தருக்க மரபு இன்மையை நான்காகப் பகுக்கும்: முன்னின்மை, அழிவுபாட்டின்மை, என்றுமின்மை, ஒன்றினொன்றின்மை. வயர் பற்றவைக்கப்படும்வரை அந்த இணைப்பு இல்லாதிருந்தது முன்னின்மை; அதற்குத் தொடக்கமில்லை, முடிவு உண்டு. ஈரத்தால் அரித்துப்போன தடத்தின் இன்மை அழிவுபாட்டின்மை; அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை. இந்த இரண்டாவது, பழுதுபார்ப்பவர் அழுத்தமாக மனத்தில் கொள்ளவேண்டியது. அழிந்த தடம் மீண்டும் வருவதில்லை. புதிய வயர் தருவது புதியதோர் இணைப்பு. பழைய தடம் போர்டோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. புதியது மேலே எழும்பி, வேறு தடங்களைத் தாண்டி, பிற உறுப்புகளை உரசிச் செல்கிறது. பழைய தடத்துக்கு இல்லாத ஆபத்துகள் இதற்கு உண்டு. எந்திரம் முன்போல ஓடுவதைப் பார்த்துப் பழைய நிலை திரும்பிவிட்டதாக நம்புவது தருக்கப்படியும் தவறு, தொழில்படியும் தவறு. செம்பு வேறு, பிளாஸ்டிக் வேறு என்னும் ஒன்றினொன்றின்மையில் இங்கே பேச அதிகமில்லை.

சிக்கல் என்றுமின்மையில் இருக்கிறது. காற்றில் உருவம் எக்காலத்தும் இல்லை என்பது போன்ற இன்மை அது. தொடக்கமும் முடிவும் இல்லாதது. மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் தடத்துக்கும் சூட்டுமானியின் 5 வோல்ட் தடத்துக்கும் தொடர்பே இருக்கக்கூடாது என்று போர்டை வடிவமைத்தவர் கருதினார். ஆனால் அவர் விரும்பியதாலேயே அந்த இன்மை என்றுமின்மை ஆகிவிடாது. அது காலத்துக்கு உட்பட்டது. சூட்டிலும் அதிர்விலும் ஈரத்திலும் தேய்வது. நூல் சொல்லும் என்றுமின்மை தானாக நிற்கும். போர்டில் உள்ள இணைப்பின்மையை யாராவது நிறுத்திவைக்க வேண்டும்.

இன்மைக்குத் தனி இருப்பு இல்லை என்றவர்களும் உண்டு. வேதத்துக்குப் பொருள் காணும் மீமாஞ்சகருள் பிரபாகரர் வழியினர், குடமின்மை என்பது வெறும் தரையே, அதற்குமேல் ஏதுமில்லை என்றனர். சிக்கனமான, அழகான விடை. அதன்படி இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடமே இணைப்பின்மை. உறை என்று ஒன்று தேவையில்லை. அசையாத மேசைமேல், உலர்ந்த அறையில், நேராகப் போகும் குறுகிய வெறுங்கம்பி நன்றாகவே வேலை செய்யும். சல்லடைக்குப் பக்கத்தில் அதே கம்பி ஒரு பருவம்கூடத் தாங்குமா என்பது ஐயம். அதிர்வு கம்பியை நகர்த்தும். பனி நடுவெளியை நனைக்கும். இதனால் பிரபாகரர் கொள்கை பொய்த்துவிடாது, ஏனெனில் அவர் பேசியது இன்மையின் தன்மையை, அதன் ஆயுளை அன்று. ஆனால் ஆயுளைப் பற்றிக் கேட்கும்போது அந்தக் கொள்கையிடம் விடை இல்லை.

ஆயுளைத் தருவது உறையின் பொருள். வானொலிக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பிவிசி உறை வயரின் வெப்ப எல்லை பொதுவாக 80 அல்லது 105 பாகை. சால்டரிங் அயர்னின் முனையோ 350 பாகை அளவில் இருக்கும். ஈயம் கலந்த சால்டர் 183 பாகையிலும், ஈயமற்றது 217 பாகைக்கு மேலும் உருகும். ஆகவே முனையைப் பற்றவைக்கும் அந்த இரண்டு நொடியிலேயே பிவிசி உறை இளகிப் பின்னால் சுருங்கி, சில மில்லிமீட்டர் செம்பை வெளியே விட்டுவிடும். பழுதைத் தீர்க்கும் செயலே அடுத்த பழுதுக்கு வித்திடுகிறது. போர்டுக்குள் நுண்ணிய வேலைக்குப் பிவிசி ஏற்றதன்று.

கைனார் என்ற பெயரில் அறியப்பட்ட பிவிடிஎஃப் உறையிட்ட 30 கேஜ் ஒற்றைக்கம்பி வயரே இவ்வேலைக்குப் பலரும் எடுப்பது. செம்பின் குறுக்களவு 0.25 மில்லிமீட்டர், உறையோடு அரை மில்லிமீட்டர் அளவு. மீட்டருக்கு ஏறத்தாழ 0.34 ஓம் மின்தடை என்பதால், பத்து சென்டிமீட்டர் துண்டில் சமிக்ஞைக்கு எந்தக் குறையும் நேராது. பிவிடிஎஃப் உருகுவது 170 பாகையை ஒட்டி. அயர்னைவிட மிகக் கீழேதான். ஆனாலும் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பதால், கை விரைவாக இருந்தால் உறை அதிகம் சுருங்காது. கூரிய ஓரம் பட்டாலும் எளிதில் வெட்டுப்படாது. மோட்டாரையோ சூடேற்றியையோ நேரடியாக ஓட்டும் தடத்துக்கு இந்த மெல்லிய கம்பியை வைப்பது பெரும்பிழை. அங்கே மின்னோட்டத்துக்கு ஏற்ற தடித்த செம்பு வேண்டும்.

சூட்டுக்கு அருகே போகும் வயருக்கு டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ சிறந்தது. அது 327 பாகையில்தான் இளகும். வெள்ளி பூசிய செம்போடு 200 பாகைவரை தொடர்ந்து தாங்கும். சால்டர் முனை பட்டாலும் உறை பின்வாங்காது. அதற்கும் ஒரு குறை உண்டு. கூரிய விளிம்பின்மேல் இழுத்துக் கட்டினால், நாளடைவில் அழுத்தத்துக்கு விட்டுக்கொடுத்து மெலிந்துபோகும். அதிரும் எந்திரத்தில் இது சிறிய செய்தியன்று. மிகைச் சூட்டில் அது விடும் புகை உடலுக்குக் கேடு என்பதையும் மறக்கக்கூடாது. பாலியூரித்தேன் பூசிய எனாமல் கம்பியின் பூச்சு 400 பாகையை ஒட்டிய முனையில் தானே கருகி விலகும், சுரண்ட வேண்டியதில்லை. மயிரிழை இடைவெளியில் நுழையவும் அதுவே வசதி. பூச்சு மிக மெல்லியது, உரசினால் போய்விடும். சிலிக்கான் ரப்பர் வளைய நல்லது, கிழிய எளியது.

எந்த வயரை எடுத்தாலும், இரு முனைகளுக்கு நடுவே ஆங்காங்கே பசையிட்டுப் போர்டோடு நிறுத்த வேண்டும். பற்றவைத்தபின் படிந்த ஃபிளக்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். கழுவாத ஃபிளக்ஸும் மலையின் ஈரமும் சேர்ந்தால் நல்ல உறையைச் சுற்றிக்கொண்டு போர்டின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசியும். காய்ந்தபின் காப்புப் பூச்சு பூசுவது இந்த மலையில் விருப்பத்துக்கு விடும் காரியமன்று.

இனி, இன்மையை எப்படி அறிவது? மீமாஞ்சகருள் மற்றொரு சாராரான குமாரிலர் வழியினர் அதற்கெனத் தனி அளவை வேண்டும் என்றனர். அனுபலப்தி, அதாவது காணாமையே அந்த அளவை. நியாய மரபினரான நையாயிகர் தனி அளவையை மறுத்து, காணாமையின் துணையோடு கண்ணே இன்மையைக் காண்கிறது என்றனர். இரு சாராரும் ஒப்பிய நிபந்தனை ஒன்றுண்டு: இருந்திருந்தால் கண்டிருக்கவேண்டும் என்ற தகுதி உடைய காணாமையே கணக்கில் சேரும். இருட்டில் குடம் தென்படாததால் குடம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து இரு தடங்களைத் தொடும்போது ஒலி எழவில்லை என்றால், அவற்றுக்கு இடையே நேரடி இணைப்பில்லை என்றே தோன்றும். ஆனால் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் ஒலி எழாது. முனைக் கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் எழாது. அதனால்தான் கைதேர்ந்தவர் முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு ஒலியைக் கேட்டுவிட்டு, அதன்பின் போர்டைத் தொடுகிறார். அந்த ஒரு தொடுதல், மௌனத்தைச் சான்றாக்கும் தகுதியைத் தருகிறது. மீமாஞ்சை நூலைத் திறந்தும் பாராத ஒருவர் அந்நூலின் நுட்பமான விதியை நாள்தோறும் சரியாகக் கைக்கொள்கிறார் என்பதில் பெருமிதம் கொள்ள இடமுண்டு.

அப்படியும் மீதி ஒன்று நிற்கிறது. உலர்ந்த நண்பகலில் ஒலி எழுப்பாத இடைவெளி, அதிகாலைப் பனியில் கசியலாம். இங்கே சைவ சித்தாந்தத்தின் வாதம் துணைக்கு வருகிறது. அன்னம்பட்டர் இருளை ஒரு பொருளாக ஏற்கவில்லை. ஒளியின் இன்மையே இருள் என்றார். சித்தாந்திகளோ உயிரின் அறியாமையை அறிவின் இன்மை என்று விட்டுவிடவில்லை. ஆணவ மலம் என்னும் உள்பொருள் அறிவை மறைக்கிறது என்றனர். 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மலநிலை என ஓர் அதிகாரமே வகுத்தார். புற இருள் மற்றவற்றை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது அங்கே அவர் செய்யும் பிரிவு. தருக்கத்தை அன்னம்பட்டரிடமிருந்து தமிழுக்குத் தந்த சிவஞான முனிவரே சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவர் என்பதால், ஒருவரே இரண்டு நிலைகளையும் முழுதறிந்து கையாண்டிருக்கிறார்.

சித்தாந்தத்தின் இந்தப் பார்வையே போர்டுக்குப் பொருந்துகிறது. இரு தடங்களுக்கு நடுவே உள்ள இணைப்பின்மை தானாக நிற்பதன்று. அதை ஓர் உள்பொருள் தாங்கி நிற்கிறது. அந்தப் பொருளுக்குத் தடிமன் உண்டு, உருகுநிலை உண்டு, முதுமை உண்டு. அது கெடும்போது தன் கேட்டைக் காட்டாமலே கெடுகிறது. உறைக்குள் விழுந்த மெல்லிய வெட்டும் ஃபிளக்ஸுக்குள் ஒளிந்த ஈரமும் மீட்டருக்குத் தப்பும். ஆகவே சோதனையை மட்டும் நம்பி மோசமான உறையை ஏற்பது அறிவுடைமையன்று. சோதனை எட்டாத இடத்தைத் தேர்வுதான் காக்கவேண்டும். உலர்த்தியின் முன் நிற்கும் தொழிலாளி போர்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அவருடைய பாதுகாப்பு, அவர் காணாத உறையைத் தேர்ந்தவர் கையில் இருக்கிறது.

கேமரன் மலையில் போர்டைப் பழுது பார்ப்போர் சமிக்ஞைத் தடத்துக்கு 30 கேஜ் பிவிடிஎஃப் வயரையும், சூட்டை ஒட்டிய தடத்துக்குப் பிடிஎஃப்இ வயரையும், உரசலற்ற நெருக்கடியான இடத்துக்கு மட்டும் எனாமல் கம்பியையும் எடுக்கட்டும். பிவிசியைப் போர்டுக்கு வெளியே வைக்கட்டும். உலர்ந்த நேரத்தில் சோதித்த போர்டைப் பனி இறங்கிய காலையிலும் ஒருமுறை சோதித்த பிறகே எந்திரத்தில் பூட்டட்டும்.